முக்காடு போட்ட மரியாள்

1981ஆம் ஆண்டு நவம்பர் முடிவில், மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு பின்னேரம், சவூதியிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மருதமுனைக்காரர் ஒருவர் கனகரெத்தினத்தின் வீட்டுப் படலையில் நின்று குரல் கொடுத்தார். பொலித்தீனில் சுற்றிய ஒரு கசெற்றை அவனிடம் நீட்டினார். ஜித்தாவில் அவன் மனைவி நேசமலர் கொடுத்தனுப்பியது. நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் தான் திரும்பிப் போவதாகவும், மறுமொழி பதிந்து வைத்தால் கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் சொல்லிவிட்டு மழையோடு போனார்.

நேசமலர் அந்த வருடத் தொடக்கத்தில்தான் வீட்டுவேலைக்கென்று போயிருந்தாள். சூறாவளி பிய்த்துக்கொண்டு போன கூரைக்குப் பதிலாகப் போட்ட தென்னோலைக் கிடுகு இரண்டு மாரியில் உக்கிவிட்டது. கனகரெத்தினம் கல்முனைச் சந்தையில் ஜவுபரின் புடைவைக் கடை முகப்பில் மெசின் போட்டுத் தைப்பவன். அந்த உழைப்பு சாப்பாட்டுக்குப் போதும், வீட்டுக்குப் போதாது. போகிறேன் என்று அவள்தான் முதலில் சொன்னாள். அவன் தடுத்தான். பிறகு தடுக்கவில்லை. மூன்று வயது சுகிர்தாவும் இரண்டு நிரம்பாத நேசனும் அவனோடு நின்றுகொண்டார்கள்.

பகலில் பிள்ளைகளைப் பார்த்தது பக்கத்து வளவு ஸகியா. ஜவுபரின் மனைவி. இரண்டு வளவுக்கும் நடுவே வேலியில் ஒரு கடப்பு இருந்தது. காலையில் கடைக்குப் போகுமுன் கனகரெத்தினம் பிள்ளைகளை அதால் அந்தப் பக்கம் விடுவான், பொழுதுபட வந்து கூட்டிக்கொள்வான். ஸகியாவின் இரண்டு பெண் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்விடுவதால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது, இதுகள் இருந்தால் தனக்கும் பொழுது போகும் என்று அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

ஜவுபரின் ரேப் றெக்கோடரை இரவல் வாங்கி வந்து கனகரெத்தினம் கசெற்றைப் போட்டான். நேசமலரின் குரல் மிகவும் தணிந்து வந்தது. பின்னணியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது; குசினிக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசியிருக்கிறாள். வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான் என்றாள். ஆனால் அங்கே வாய்விட்டுச் செபிக்க முடியாது, நத்தார் என்ற சொல்லையே எடுக்க முடியாது, வேதப் புத்தகத்தை விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். அதனால் இந்த வருடம் பிள்ளைகளுக்கு வீட்டில் எல்லாவற்றையும் அவன்தான் செய்து காட்ட வேண்டும். நத்தாருக்கு முன்வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மெழுகுதிரி கொளுத்த வேண்டும். சுகிர்தாவையும் வைத்துக்கொண்டு நட்சத்திரம் கட்ட வேண்டும். மூலையில் ஒரு பாலன் குடில் வைத்து, மரியாள் யார், யோசேப்பு யார் என்று தொட்டுக் காட்ட வேண்டும். சாப்பிடுமுன் கைகூப்பப் பழக்க வேண்டும்.

"சின்னப் பிள்ளையள்தானே எண்டு விட்டிராதீங்க," என்றாள் கடைசியில். "இந்த வயசில கையப் பிடிச்சிக் காட்டாட்டி மறுகா பிடிபடாது. இஞ்ச என்னால ஒண்டும் செய்ய ஏலா. நீங்கதான் செய்யணும்."

கனகரெத்தினம் கசெற்றைத் திரும்பப் போட்டு, அவள் சொன்னதை ஒவ்வொன்றாக எண்ணினான். அவன் பாண்டிருப்பில் பிறந்தவன். திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு மஞ்சள் வேட்டியோடு நின்ற குடும்பம். நேசமலரைக் கட்டுவதற்காகத்தான் ஞானஸ்நானம் எடுத்தான். எடுத்தது பொய்யாக அல்ல. ஆனால் அதற்குப் பிறகு வேதம், செபம், பாட்டு எல்லாம் சமையலைப் போல நேசமலரின் பொறுப்பாகிவிட்டன. ஆலயத்தில் எல்லோரும் பாடும்போது அவன் வாயை அசைத்துக்கொண்டு நிற்பான். வீட்டில் அவள் கண்ணை மூடினால் தானும் மூடுவான். என்ன சொல்லிச் செபிக்கிறாள் என்று கேட்டதில்லை.

இருந்தாலும் அவள் சொன்னதை ஒன்றும் விடக்கூடாது என்று நினைத்தான். முதல் ஞாயிறு மெழுகுதிரி வாங்கி வந்து கொளுத்தினான். நேசன் அதை ஊதி அணைத்தான். திரும்பக் கொளுத்தினான். திரும்ப ஊதினான். சுகிர்தா கைகொட்டிச் சிரித்தாள். பிறந்தநாள் என்று நினைத்துவிட்டாள். யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டாள். இயேசு சாமிக்கு என்றான். அவர் எங்கே, கேக் வெட்ட வருவாரா என்று கேட்டாள். வருவார், ஆனால் கண்ணுக்குத் தெரியாது என்று சொன்னான். அவள் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அம்மாவைப் போலவா என்று கேட்டாள்.

நட்சத்திரத்துக்கு ஈர்க்கில் சீவி, கலர்க் கடதாசி ஒட்டி, முன் மரத்தில் தொங்கவிட்டான். அன்றைக்கே மழை அடித்துக் கடதாசி கரைந்து, சிவப்புத் தண்ணீர் மணலில் சொட்டியது. திரும்ப ஒட்டி உள்ளே தொங்கவிட்டான்.

சாப்பாட்டுச் செபம் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. சோற்றுக் கோப்பையை வைத்து, மகளே கையைக் கூப்புங்க என்றான். சுகிர்தா வலது கையைச் சோற்றுக்கு மேலே நீட்டி, தெளிவாக, "பிஸ்மில்லாஹ்" என்றாள். தம்பியும் தன் மழலையில் அதையே சொன்னான். ஸகியா வீட்டில் எல்லாரும் சொல்லித்தான் சாப்பிடுவார்கள், பார்த்துப் பழகிவிட்டார்கள். கனகரெத்தினத்துக்கு அதில் கோபம் வரவில்லை. ஒரு சொல்லை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். நேசமலர் சோற்றுக்கு முன் சொல்லும் செபத்தில் முதல் வரியைத் தவிர வேறொன்றும் அவனுக்கு நினைவில் இல்லை. அந்த ஒரு வரியைச் சொல்லி நிறுத்தினான். பிள்ளைகள் காத்திருந்தார்கள். பிறகு சாப்பிடச் சொன்னான்.

பாலன் குடில்தான் அவனுக்குக் கைவந்த வேலையாக இருந்தது. கடையில் மிஞ்சும் வெட்டுத்துணிகளைச் சேர்த்து வைத்து, பஞ்சு அடைத்து, ஒவ்வொரு பொம்மையாகத் தைத்தான். யோசேப்புக்குச் சாரத் துணி. மேய்ப்பருக்குச் சாக்கு. பாலனை வெள்ளைப் பொப்ளினில் சுற்றினான். மரியாளுக்கு நீலத் துணியில் உடுப்பும் தலைக்கு முக்காடும். சுகிர்தா பக்கத்தில் இருந்து பஞ்சு எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பின்னேரங்களில் அவனுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. தைத்துக்கொண்டே பெயர்களைச் சொன்னான். பிள்ளையும் திருப்பிச் சொன்னாள். மரியாளைக் காட்டியபோது மட்டும் சொல்லவில்லை.

"இது ஸகியா உம்மா," என்றாள்.

இல்லை, இது மரியாள், இந்தப் பாலனின் அம்மா என்றான். அவள் முக்காட்டைத் தொட்டுக் காட்டினாள். அவளுக்குத் தெரிந்து தலையில் முக்காடு போட்டு, பிள்ளையை மடியில் வைத்திருப்பது ஸகியாதான். ஸகியாவின் பிள்ளைகள் தாயைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, சுகிர்தாவும் அவளை உம்மா என்றே கூப்பிடப் பழகியிருந்தாள். அப்படியென்றால் அம்மா எங்கே என்று சுகிர்தா கேட்டாள்.

அன்றைக்கு அவன் அலுமாரியைத் திறந்து, நேசமலர் விட்டுப்போன பழைய சேலை ஒன்றின் ஓரத்தை வெட்டி, இன்னொரு பொம்மை தைத்தான். கொண்டை வைத்தான். இதுதான் அம்மா என்று கொடுத்தான். சுகிர்தா அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். குடிலுக்குள் வைப்பாள் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கதிரையில் ஏறி, அதை ஜன்னல் கட்டையில், மழைச் சாரல் படும் இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

"அம்மா வெளிநாட்டில," என்றாள்.

அவன் பொம்மையை எடுத்து வந்து பாலனுக்குப் பக்கத்தில் வைத்தான். பிள்ளை அழவில்லை, பிடிவாதம் பிடிக்கவும் இல்லை. திரும்பக் கதிரையில் ஏறி ஜன்னலில் வைத்தாள். அடுத்த நாளும் அப்படியே. பிறகு அவன் எடுப்பதை விட்டுவிட்டான்.

இதற்கிடையில் சுகிர்தா, குடிலில் மரம் இல்லையே என்று கேட்கத் தொடங்கினாள். என்ன மரம் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஸகியாவிடம் பொம்மைகளைப் பற்றிப் பிள்ளை சொல்லியிருக்கிறாள். ஸகியா தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறாள்: மர்யம் உம்மா தன்னந்தனியே வலியோடு போய் ஒரு பேரீச்ச மரத்தடியில் சாய்ந்தது, மரத்தை உலுக்கு என்ற சத்தம் கேட்டது, பழம் பொலபொலவென்று விழுந்தது, காலடியில் தண்ணீர் ஓடியது, பிறந்த பாலன் ஈஸா நபி தொட்டிலில் இருந்தபடியே கதைத்தது. பிள்ளைக்கு அந்தக் கதை ஒட்டிக்கொண்டது. ஸகியாவின் வீட்டில் ஜித்தாப் பேரீச்சம்பழம் ஒரு பெட்டி இருந்தது, மருதமுனைக்காரர் கொடுத்தது. ஒரு பழத்தை வாயில் வைத்துக்கொண்டே கேட்டிருப்பாள். கனகரெத்தினம் யோசித்துப் பார்த்தான். ஆலயத்தில் இந்த மரம் பற்றிக் கேட்டதாக நினைவில்லை. ஆனால் தான் சரியாகக் காது கொடுத்துக் கேட்டவனும் இல்லை. பச்சைத் துணியில் ஒரு மரம் தைத்து, தவிட்டு நிறத்தில் பழமும் வைத்துக் குடிலுக்குப் பக்கத்தில் நட்டான். சுகிர்தா அன்று முழுக்க அதை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

நத்தாருக்கு முந்தின கிழமை ஒரு பின்னேரம் ஆலயத்திலிருந்து பாட்டுக் குழு வந்தது. அவர்களோடு ஞாயிறு பாடசாலை நடத்தும் எவஞ்சலின் ரீச்சரும் வந்தா. தாயில்லாத வீட்டில் இவ்வளவு செய்திருக்கிறீர்களே என்று அவவுக்குக் கண் கலங்கியது. குடிலுக்கு முன்னால் குந்தியிருந்து, இது யார், இது யார் என்று பிள்ளையிடம் கேட்டா. சுகிர்தா எல்லாவற்றையும் சொன்னாள். இது ஸகியா உம்மா என்றாள். இது ஈச்ச மரம், உலுக்கினால் பழம் விழும் என்றாள். குழந்தையைத் தொட்டு, இது ஈஸா நபி என்றாள்.

ரீச்சர் எழும்பினா. முகத்தில் கோபம் இல்லை. கனகரெத்தினத்தை வாசலுக்குக் கூட்டிவந்து, மெதுவாகத்தான் கதைத்தா. அந்த வீட்டார் நல்ல மனிதர்கள், அவர்கள் நம்பிக்கை அவர்களுக்கு. ஆனால் பிள்ளை எதில் ஊன்றுகிறது என்று பார்க்க வேண்டாமா, நேசமலர் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டா. தன் வீட்டில் விடலாமே என்றா. அவவின் வீடு கல்லாற்றில். கடைக்குப் போகிற ஒருவன் இரண்டு சின்னப் பிள்ளைகளைக் காலையும் மாலையும் அவ்வளவு தூரம் எப்படிக் கொண்டுபோவது? அவவுக்கும் அது தெரிந்திருந்தது. ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனா.

வேலிக்கு அந்தப் பக்கம் ஸகியா உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றதை அவன் பிறகுதான் கண்டான். அடுத்த நாள் காலை பிள்ளைகளை விடப் போனபோது, எப்படிப் பேச்சை எடுப்பதென்று கடப்பில் நின்று தடுமாறினான். ஸகியாவே எடுத்தாள்.

"நான் ஒண்டும் நெனச்சிச் சொல்லல்ல அண்ண. புள்ள கேட்டிச்சி. ஓதப் பள்ளியில எங்களுக்குச் சொன்னதத்தான் நான் சொன்னன். வேற எனக்குத் தெரியா."

அதில் பிழையில்லை தங்கச்சி என்று அவன் சொன்னான். அதை எப்படிச் சொன்னான் என்பது அவனுக்கே திருப்தியாக இல்லை. இனிமேல் சொல்ல மாட்டேன் என்றாள் ஸகியா. சொல்லுங்கள் என்று அவனால் சொல்ல முடியவில்லை. சொல்லாதீர்கள் என்றும் முடியவில்லை. நேசனைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனான்.

அன்றிலிருந்து சுகிர்தா மர்யம் உம்மா கதை கேட்டால், ஒங்கட வாப்பாட்டக் கேளுங்க என்று ஸகியா சொல்லிவிடுவாள். பிள்ளை பின்னேரம் வந்து தகப்பனைக் கேட்டாள். கனகரெத்தினம் வேதப் புத்தகத்தை எடுத்து வைத்து வாசித்தான். அகுஸ்துராயன், குடிமதிப்பு, சத்திரம் என்று வந்த சொற்கள் அவன் வாயிலேயே கல்லாக உருண்டன. பிள்ளை இரண்டு வரி கேட்டாள். பிறகு, மரம் எப்ப வரும் என்று கேட்டாள். மரம் இதில் இல்லை என்றான். அவள் எழும்பிப் போய்த் தம்பியோடு விளையாடினாள். புத்தகத்தை மூடிவிட்டுத் தன் சொந்தச் சொல்லில் சொல்லிப் பார்த்தான். காற்சட்டைக்குப் பொக்கற் வைப்பதை விளங்கப்படுத்துகிறவன் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தான். பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நாளடைவில் கேட்பதையும் விட்டுவிட்டாள். அந்த வீட்டிலும் கதை இல்லை, இந்த வீட்டிலும் இல்லை.

நத்தார் அன்று ஆலயம் போய் வந்து, புதுச் சட்டையோடு நின்ற பிள்ளைகளுக்கு ஜவுபரின் றெக்கோடருக்கு முன்னால் பாய் விரித்தான். மறுநாள் மருதமுனைக்காரர் போகிறார். சுகிர்தா ஒரு வசனமாவது சொல்லி, அம்மா என்று கூப்பிட்டால் போதும் என்று நினைத்தான். பொத்தானை அமத்தினான்.

"மகள், அம்மாவோட கதைங்க. அம்மா கேட்டுக்கொண்டு இரிக்கிறா."

சுகிர்தா பெட்டியைப் பார்த்தாள். அதற்குள் யார் என்று கேட்டாள். அம்மா என்றான். வெளியே வரச் சொல்லுங்கள் என்றாள். அம்மாவால் வர முடியாது, நீங்கள் சொல்வது அம்மாவுக்குக் கேட்கும் என்றான். அவள் பெட்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். சாப்பாட்டுச் செபமாவது சொல்லட்டும் என்று கையைக் கூப்பிக் காட்டினான். பிஸ்மில்லாஹ் என்றாள். அவன் நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, திரும்ப அமத்தினான். இந்த முறை நேசன் வயரைப் பிடித்து இழுத்தான். கையை எடுத்துவிட்டதும் உருண்டு அழத் தொடங்கினான். தம்பி அழுவதைக் கண்டு சுகிர்தாவும் அழுதாள். அழும்போது கூப்பிட்டாள். உம்மா, உம்மா என்று வேலிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். கடப்பால் ஸகியா ஓடி வந்து, என்னண்ண, என்ன நடந்த என்று கேட்டபடி இரண்டையும் தூக்கினாள். அழுகை நின்றது. றெக்கோடர் ஓடிக்கொண்டே இருந்தது.

கனகரெத்தினம் அதைத் திரும்பப் போட்டுக் கேட்டான். அழிக்க நினைத்தான். அழித்தால் வேறென்ன அனுப்புவது? நேசமலரின் பிள்ளைகளின் குரல் என்று அதில் இருந்தது அந்த அழுகை ஒன்றுதான். காலையில் மருதமுனைக்காரர் வந்தபோது அப்படியே கொடுத்துவிட்டான்.

மறுமொழிக் கசெற் வரச் சித்திரை ஆகிவிட்டது. அதில் நேசமலர் ஒன்றும் கேட்கவில்லை. குறை சொல்லவில்லை. ஒரு பக்கம் முழுக்கப் பாடியிருந்தாள். குழாய்ச் சத்தத்துக்கு மேலே எழும்பாத குரலில், ஒன்று முடிய மற்றதாக, பிள்ளைகளுக்கான பாட்டுகள். கனகரெத்தினம் ஒவ்வொரு பின்னேரமும் ஜவுபரின் றெக்கோடரில் அதைப் போட்டான். பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்கிடையே வண்டி ஓட்டி விளையாடினார்கள். சில நாளில் சுகிர்தா ஒரு வரியை முணுமுணுப்பாள். பாடுவது யார் என்று கேட்டால், ரேப் என்பாள்.

1983 மார்ச்சில் நேசமலர் வந்தாள். வீட்டுக்கு ஓடு போட்டாகிவிட்டது. வான் வண்டியில் இருந்து இறங்கியபோது பிள்ளைகள் இருவரும் ஸகியாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றார்கள். ஸகியாதான் முதலில் அழுதாள். அம்மாட்டப் போங்க, போங்க என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள். சுகிர்தா வந்து நின்று முத்தம் வாங்கிக்கொண்டாள்.

அன்று பொழுதுபட நேசமலர் பிள்ளைகளை இரண்டு பக்கமும் முழங்காலில் நிறுத்தி, வாய்விட்டுச் செபித்தாள். இரண்டு வருடம் அடக்கி வைத்த குரல், அவளுக்கே கேட்கக் கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு துண்டாகச் சொல்லச் சொல்ல, சுகிர்தா பிழையில்லாமல் திருப்பிச் சொன்னாள். கையை ஒழுங்காகக் கூப்பினாள். இதற்கிடையில் நேர்சரிக்குப் போய்ப் பழகிய பிள்ளை. ஆமென் சொன்னதும் எழும்பி, சட்டையைத் தட்டிக்கொண்டு, "முடிஞ்சிதா? நான் இனி வீட்ட போகட்டா?" என்று கேட்டாள்.

"இதுதானே மகள் உங்கட வீடு," என்றாள் நேசமலர்.

பிள்ளை ஒற்றைக் காலில் நின்று கடப்பைப் பார்த்தாள். சரி, போயிட்டு வாங்க என்றாள் தாய். நேசனும் பின்னால் ஓடினான்.

கனகரெத்தினம் கதவடியில் நின்றான். நீ சொன்னது ஒன்றையும் நான் விடவில்லை என்று சொன்னான். தனக்குத் தெரியும் என்றாள் அவள்.

"அந்தக் கசெற்ற குசினிக்குள்ள வெச்சி எத்தின தரம் கேட்டிருப்பன். அவள் உம்மா எண்டு கூப்பிடக்குள்ள எனக்குக் கோவம் வரல்ல. கூப்பிட்ட உடன ஒராள் ஓடி வந்திச்சே எண்டுதான் நினைச்சன். அங்க இரிக்கக்குள்ள அது போதும்போல இருந்திச்சி. இஞ்ச வந்தாப்போலதான்..."

அவள் எழும்பிப் போய்க் கடப்படியில் நின்றாள்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் நேசமலர் வளவுத் தென்னையில் குருத்து வெட்டுவித்தாள். பிள்ளைகளோடு இருந்து சின்னச் சின்னச் சிலுவை மடிக்க வேண்டும் என்று ஜித்தாவிலேயே நினைத்து வைத்திருந்தது. கூப்பிட்டாள். பிள்ளைகள் வரவில்லை. கொஞ்ச நேரம் தனியே இருந்து பார்த்துவிட்டு, ஓலைகளை அள்ளிக்கொண்டு கடப்பால் அந்தப் பக்கம் போனாள். ஸகியா குசினி வாசலில் மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள். கையால் வாங்குப் பலகையைக் காட்டி இருக்கச் சொன்னாள். நேசமலர் இருந்து, ஒருவரையும் கூப்பிடாமல் மடிக்கத் தொடங்கினாள்.

நேசன்தான் முதலில் வந்து ஓர் ஓலையைப் பறித்துக் கிழித்தான். சுகிர்தா ஸகியாவின் முதுகோடு சாய்ந்து நின்று பார்த்தாள். பிறகு, அது என்ன என்று ஸகியாவிடம் கேட்டாள்.

"ஒங்கட அம்மாட்டக் கேளுங்க மகள்," என்று ஸகியா மீனைப் பார்த்தபடியே சொன்னாள்.

கேட்கவில்லை. ஆனால் ஓர் ஓலையை எடுத்துக்கொண்டு போய்ச் சற்றுத் தள்ளி இருந்தாள். தாயின் விரல்களைப் பார்த்துப் பார்த்து மடித்தாள். கோணலாக வந்தது. நேசமலருக்கு எட்டிப் பிடித்து நேராக்க வேண்டும்போல் இருந்தது. தன் ஓலையை மடித்தாள். பிள்ளை முடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, எழும்பி நேரே ஸகியாவிடம் போய் அந்தச் சிலுவையை நீட்டினாள்.

ஸகியாவின் இரண்டு கையிலும் செதிலும் இரத்தமும். வாங்கவும் முடியாமல், வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் நேசமலரை நிமிர்ந்து பார்த்தாள். நேசமலர் மடித்துக்கொண்டிருந்த ஓலையை மடியில் வைத்தாள். பிள்ளை கையை நீட்டியபடி நின்றாள்.

"கையக் கழுவிப்போட்டு வாறன் புள்ள," என்று சொல்லி ஸகியா எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். செதில் போன பிறகும் அங்கே நீண்ட நேரம் கை கழுவிக்கொண்டிருந்தாள்.